பத்துக் குழுக்களும் ஒரு தராசும்

ஓடாமல், வியர்க்காமல், பந்தைக் கையால் தொடாமல் ஆடுகிற ஓர் ஆட்டத்தைப் பற்றி இந்த முறை உங்களிடம் சொல்லப் போகிறேன். சீட்டாட்டமா என்று கேட்காதீர்கள். சீட்டும் இல்லை, காயும் இல்லை. அமெரிக்காவில் லட்சக்கணக்கான பேர் இதை ஆடுகிறார்கள். ஃபேன்டசி பேஸ்பால் என்று பெயர். கற்பனைக் குழு ஆட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

நான் பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கிராணி வேலை பார்த்தவன். அதில் பாதிக் காலம் ஸ்டோரில் பால் நிறுத்தேன். தோட்டம் இன்று செம்பனை ஆகிவிட்டது, ஸ்டோர் இருந்த இடம் லாரி நிற்கிற இடம் ஆகிவிட்டது. கடைசி மகன் சிக்காகோவில் பொறியியலாளராக இருக்கிறான். 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்டு வரை அவன் வீட்டில் தங்கியிருந்தேன். அப்போதுதான் இந்த ஆட்டத்தின் பாதிக் கணக்கு என் முன்னால் வந்து விழுந்தது.

முதலில் பேஸ்பால் என்ன என்று இரண்டு வார்த்தை. நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆடிய ரவுண்டர்ஸ் ஆட்டத்தின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பந்தை எறிவார், ஒருவர் உருண்டைக் கட்டையால் அடிப்பார், அடித்தவர் நான்கு முனைகளையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். வேலியைத் தாண்டி அடித்தால் ஹோம் ரன். எறிபவர் அசந்த நேரத்தில் அடுத்த முனைக்கு ஓடிப் பிடித்துக்கொண்டால் அதற்குப் பெயர் திருட்டு. அங்கே அது குற்றமல்ல, கணக்கில் ஏறும்! மொத்தம் 30 குழுக்கள். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஒவ்வொரு குழுவும் 162 ஆட்டம் ஆடும். தினம் பெரட்டுக்கு நிற்பது போல ஏறக்குறைய தினமும் ஆட்டம்தான்.

இனி கற்பனைக் குழுவுக்கு வருவோம். மார்ச்சில் பத்து நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கு 260 டாலர், அதுவும் கற்பனைப் பணம். அதை வைத்து உண்மையான ஆட்டக்காரர்களை ஏலம் எடுப்பார்கள். 14 அடிப்பவர், 9 எறிபவர், ஆக மொத்தம் 23 பேர். அதன் பிறகு அந்த 23 பேரும் எந்த ஊரில், எந்தக் குழுவுக்கு ஆடினாலும், அவர்கள் செய்வதெல்லாம் ஏலத்தில் எடுத்தவர் கணக்கில் ஏறும். அடிப்பவருக்கு ஐந்து கட்டம், எறிபவருக்கு ஐந்து கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் முதலாவதாக நிற்பவருக்குப் பத்துப் புள்ளி, கடைசியில் நிற்பவருக்கு ஒன்று. எல்லாவற்றிலும் முதலாக வந்தால் 100, எல்லாவற்றிலும் கடைசியாகப் போனால் 10.

இதைக் கண்டுபிடித்தவர் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகைக்காரர். அதற்கு முன்பே 1960இல் வில்லியம் கேம்சன் என்ற சமூகவியல் அறிஞர் ஹார்வர்டில் இதைப் போன்ற ஒன்றை நண்பர்களோடு நடத்தினார். அந்தச் செய்தியை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தமக்குப் பாடம் சொன்ன பேராசிரியரிடமிருந்து ஓக்ரென்ட் அறிந்தார். 1979 முடிவில் விமானத்தில் போகும்போது புதிய விதிகளை எழுதி, 1980இல் நியூயார்க்கில் நண்பர்களைச் சேர்த்துத் தொடங்கினார். அவர்கள் கூடிச் சாப்பிட்ட பிரெஞ்சு உணவுக்கடையின் பெயர் லா ரோட்டிசெரி. அதனால் இந்த ஆட்டத்துக்கு ரோட்டிசெரி என்றும் பெயர் ஒட்டிக்கொண்டது. வென்றவர் தலையில் சாக்லேட் பானத்தை ஊற்றுவது அவர்கள் வழக்கம். ஆட்டத்தை உண்டாக்கிய ஓக்ரென்ட் தலையில் அது ஒரு முறையும் ஊற்றப்படவில்லை என்பது அந்த வட்டாரத்தில் பழைய கேலி.

சூதாட்டமா என்று வீட்டுப் பெண்மணிகள் கேட்பது காதில் விழுகிறது. மகன் லீகில் ஆளுக்கு ஐம்பது டாலர் போடுகிறார்கள், கடைசியில் முதல் மூவர் பிரித்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் கூட்டுப் பிடிப்பதைப் போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். நாலு நம்பரில் சம்பளத்தைக் கரைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஐம்பது டாலர் என்பது அந்த இனமல்ல. ஒரே நாளில் முடிகிற கற்பனைக் குழு ஆட்டங்களும் இப்போது இருக்கின்றன. அவை வேறு சங்கதி, அவற்றின் பக்கம் என் மகன் போவதில்லை.

ஜூலை நடுவில் நட்சத்திர ஆட்டம் என்று ஒன்று நடக்கும். 2024இல் அது ஜூலை 16ஆம் தேதி டெக்சஸ் மாநிலத்து ஆர்லிங்டனில் நடந்தது. அதை ஒட்டி நான்கு நாட்கள் போட்டி ஆட்டம் கிடையாது. கணக்கு அப்படியே நிற்கும். சீசனில் பாதி என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் 2024இல் அதற்குள் ஒவ்வொரு குழுவும் 95 ஆட்டமாவது ஆடியிருந்தது. பாதி தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அந்த நான்கு நாட்களில் மகன் பத்துக் குழுக்களின் கணக்கையும் தாளில் அச்செடுத்துச் சமையலறை மேசையில் பரப்பினான். அந்த வருடம் லீகை நடத்தும் பொறுப்பு அவனுடையது. அதற்குக் கமிஷனர் என்று பெரிய பெயர், வேலை என்னவோ கிராணி வேலைதான்.

"அப்பா, நீங்க கணக்குப் பிள்ளையாச்சே. இதைப் பார்த்துச் சொல்லுங்க, யார் நல்லா இருக்காங்க?" என்றான்.

முதலில் நிற்பவருக்கு 78 புள்ளி. மகன் 70 புள்ளியோடு மூன்றாவது. கடைசியில் ஒரு பெரியவர், 29. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்துக் குழுவை எடை போடக்கூடாது என்பது எனக்கு அரை மணியில் விளங்கியது. கட்டத்துக்குக் கட்டம் இடைவெளியைப் பார்க்க வேண்டும். மகன் திருட்டுக் கட்டத்தில் ஏழாவது. ஆனால் ஆறாவது, ஐந்தாவது ஆட்கள் அவனைவிட முறையே இரண்டும் நான்கும்தான் கூட. ஓடக்கூடிய ஒருவனைச் சேர்த்தால் இரண்டு வாரத்தில் இரண்டு புள்ளி கையில். அந்தக் கட்டத்தில் முதலில் நிற்பவர் கதை வேறு. அவரிடம் சின்சினாட்டிக் குழுவின் எலி டி லா குரூஸ் இருந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் 67 முறை திருடிய ஆள் அவர். அவரை எட்டிப் பிடிக்க முயல்வது வீண். எட்ட முடியாத இடத்தில் உழைப்பைக் கொட்டாமல், கைக்கெட்டும் இடத்தில் கொட்ட வேண்டும்.

இரண்டாவதாக நின்றவரின் கணக்கு எனக்குச் சிரிப்பை மூட்டியது. ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் எறிபவர்களுக்குக் காப்பு என்று ஒரு கட்டம் உண்டு. அவர் அதில் மற்றவர்களைவிட இருபத்தைந்து கூட வைத்திருந்தார். ஒன்று கூட வைத்திருந்தாலும் பத்துப் புள்ளிதான், இருபத்தைந்து கூட வைத்திருந்தாலும் அதே பத்துப் புள்ளிதான். வீட்டில் மூன்று மூட்டை அரிசியை அடுக்கிவிட்டு உப்புக்கு அடுத்த லயத்தில் கடன் கேட்பது போல இருந்தது.

சராசரிக் கட்டங்கள் வேறு மாதிரி. காலையில் தொட்டியில் கொஞ்சம் பால் இருக்கும்போது ஒரு வாளித் தண்ணீர் சேர்ந்தால் மெட்ரலாக் உடனே காட்டிக்கொடுக்கும். மதியம் தொட்டி நிறைந்த பிறகு அதே வாளி சேர்ந்தால் அளவு அசையாது. ஜூலைக்குள் ஒரு குழுவின் 14 பேரும் சேர்ந்து நாலாயிரம் முறையாவது அடிக்க நின்றிருப்பார்கள். அந்தச் சராசரியை ஒரு புதிய ஆளை வைத்து ஏற்றுவது குதிரைக் கொம்பு. ஹோம் ரன், திருட்டு போன்ற எண்ணுகிற கட்டங்களில்தான் இன்னும் இடம் இருக்கிறது.

மெட்ரலாக் என்றதும் இன்னொன்று. மழை இறங்கிய மங்குகளைச் சேர்த்துக்கொண்டு வந்தால் வாளி நிறைந்திருக்கும், தராசு முள்ளும் நன்றாக ஏறும். உள்ளே ரப்பர் எவ்வளவு என்பது மெட்ரலாக்கை மிதக்கவிட்டால்தான் தெரியும். ஆட்டக்காரர்களின் எண்களிலும் இப்படி நீர்ப்பால் உண்டு. கட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்துகளில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பிடிபடாமல் தப்பும். ஒருவருக்கு ஒரு மாதம் நான்கு தப்பும், இன்னொருவருக்கு இரண்டுதான் தப்பும். எறிபவரின் கையில் இந்த விஷயம் மிகக் குறைவாகவே இருக்கிறது என்று 2001இல் வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் எழுதியபோது பெரிய சர்ச்சை கிளம்பியது. இப்போது கணக்குப் பார்க்கிற எல்லாரும் அதைக் கருத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

மகன் 2024 ஏலத்தில் நியூயார்க் யாங்கீஸ் குழுவின் ஆரன் ஜட்ஜை எடுத்திருந்தான். ஏப்ரல் முடிவில் அவருடைய சராசரி ஆயிரத்துக்கு 220கூட இல்லை. நண்பர்கள் கேலி செய்து குறைந்த விலைக்குக் கேட்டிருக்கிறார்கள். இவன் கொடுக்கவில்லை. இலையுதிர் காலத்தில் பால் குறைந்துவிட்டது என்று நல்ல பால்வெட்டுக்காரரை யாராவது நிறுத்துவார்களா? நட்சத்திர ஆட்டத்துக்குள் ஜட்ஜ் 34 ஹோம் ரன் அடித்துவிட்டார். ஆண்டு முடிவில் 58, சராசரி 322.

இனி அந்தப் பெரியவர். லீகைப் பல வருடங்களுக்கு முன் தொடங்கியவரே அவர்தான். மகன் வேலை பார்க்கும் இடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முந்தைய குளிர்காலத்தில் மனைவி தவறிவிட்டார். மார்ச்சில் வந்து ஏலம் எடுத்தார். முந்தைய ஆண்டு 41 ஹோம் ரன்னும் 73 திருட்டும் செய்த அட்லாண்டாவின் ரோனால்ட் அகூன்யாவுக்கு மற்ற எல்லாரையும்விட அதிக விலை கொடுத்தார். மே 26ஆம் தேதி அகூன்யாவின் முழங்கால் தசைநார் அறுந்தது. அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். பெரியவர் அதற்குப் பிறகு தம் கணக்கைத் திறந்தே பார்க்கவில்லை. ஆடாத அகூன்யாவை ஆடும் இடத்திலேயே விட்டுவிட்டார். நாளுக்கு நாள் கீழே போனார்.

அடுத்த வருடம் அவரை விட்டுவிட்டு இளவட்டம் ஒருவரைச் சேர்க்கலாம் என்று இருவர் மூவர் பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவர் கவனிக்காமல் விட்டால் மற்ற ஒன்பது பேரின் கணக்கும் கோணலாகிவிடும். நிரையை விட்டுவிட்டுப் போனவரால் அடுத்த நிரைக்காரருக்கும் தொல்லைதானே!

இந்த நேரத்தில் முதலிடத்துக்காரர் பெரியவருக்கு ஒரு மாற்று அனுப்பினார். "உங்கள் பிரான்சிஸ்கோ லிண்டோரைக் கொடுங்கள், என் கேரட் குரோஷேயைத் தருகிறேன்." இதை நடத்துநர் என்ற முறையில் மகன் அனுமதிக்க வேண்டும், அல்லது தடுக்க வேண்டும்.

மேலுக்குப் பார்த்தால் பெரியவருக்கு லாபம் போலத்தான் தெரிந்தது. குரோஷே சிக்காகோ வைட் சாக்ஸ் குழுவின் எறிபவர். அப்போது நாட்டிலேயே அதிகமாக 150 பேரை அடிக்க விடாமல் வெளியேற்றியிருந்தார். லிண்டோரோ மே நடுவில் 200க்கும் கீழே கிடந்து, பிறகு மெல்ல எழுந்துகொண்டிருந்தவர். ஆனால் குரோஷேயின் வாளிக்குள் மெட்ரலாக்கை விட்டுப் பாருங்கள். முழங்கை அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவர். 2023 முழுவதும் 13 இன்னிங்ஸ்கூட எறியவில்லை. 2024க்கு முன்பு ஒரு முறையாவது ஆட்டத்தைத் தொடங்கி எறிந்ததில்லை. இப்போது ஜூலைக்குள் 107 இன்னிங்ஸ் எறிந்துவிட்டார். கைக்குக் கேடு வராமல் இனி அவரைக் குறைத்துத்தான் எறிய விடுவார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வெற்றிக் கட்டத்துக்கு அவருடைய குழுவும் கைகொடுக்காது. வைட் சாக்ஸ் அப்போது 27 ஆட்டத்தில் வென்று 71இல் தோற்றிருந்தது. மகனோடு ரயிலேறி அவர்கள் மைதானத்துக்கு ஒரு நாள் போனேன். நாற்காலிகள்தான் அதிகம் உட்கார்ந்திருந்தன. (1919இல் பணம் வாங்கிக்கொண்டு தோற்றதாக எட்டுப் பேர் ஆயுள் தடை பெற்றதும் இந்தக் குழுவில்தான். 2024இல் பணம் வாங்காமலே தோற்றார்கள்.)

மகன் மாற்றைத் தடுக்க நினைத்தான். "பெரியவரை ஏமாத்தறாங்கப்பா" என்றான்.

"அந்த மாத்து நடந்தா உனக்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

அவன் பதில் சொல்லவில்லை. நடந்தால் முதலிடத்துக்காரர் எட்டாத உயரத்துக்குப் போய்விடுவார். மூன்றாவதாக நிற்பவனுக்கு அது நஷ்டம். தடுத்தால் பெரியவருக்கு உதவி, தனக்கும் உதவி. எது எதற்காக என்று யார் பிரித்துச் சொல்வது?

என் அக்காள் எங்கள் தோட்டத்திலேயே பால் வெட்டினார்கள். அவர்கள் வாளி தராசுக்கு வரும்போது நான் தள்ளி நின்றுகொண்டு இரண்டாவது கிராணியைக் கூப்பிட்டு நிறுக்கச் சொல்வேன். அக்காளுக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. "தம்பி தராசுல இருந்தும் எனக்கு ஒரு காசு பிரயோசனம் இல்லை" என்று வரிசையில் நின்றே சொல்வார்கள். மகனுக்கு இந்தக் கதை தெரியும், சின்ன வயதில் அத்தை வாயாலேயே கேட்டவன்.

அன்றிரவே லீகில் மற்ற மூவரைத் தேர்ந்து முடிவை அவர்களிடம் விட்டான். அவர்கள் மாற்றில் மோசடி இல்லை, ஏற்பதும் மறுப்பதும் பெரியவர் இஷ்டம் என்றார்கள்.

அதோடு தீரவில்லை. குரோஷேயின் இன்னிங்ஸ் கணக்கைப் பெரியவரிடம் சொல்வதா, வேண்டாமா? சொல்லாவிட்டால் துக்கத்தில் இருக்கும் மனிதரைக் கண்ணைக் கட்டி விட்டது போல. சொன்னால் தன் ஆதாயத்துக்காகச் சொன்னான் என்ற பேர். இதில் எனக்கும் அவனுக்கும் கொஞ்சம் வாக்குவாதமே நடந்தது. ஃபோனில் பெரியவரிடம் மட்டும் சொல் என்றேன். மறைவாகச் சொல்வதுதான் தப்பு என்றான் அவன். கடைசியில் இரண்டு ஆட்டக்காரர்களின் கணக்கையும், நல்லதும் கெட்டதுமாக ஒரே கடிதத்தில் எழுதிப் பத்துப் பேருக்கும் அனுப்பினான். முதலிடத்துக்காரர் இரண்டு நாள் இவனோடு பேசவில்லை.

பிறகு பெரியவரை நேரில் பார்க்கப் போனோம். நான் போனது வெறும் துணைக்குத்தான். வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். கடிதத்தைப் படித்திருந்தார். குரோஷேயைப் பற்றி மகன் எழுதியதற்கு மேலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் மறுத்த காரணம் வேறு. லிண்டோருக்கு எப்போதும் சிரித்த முகம், அங்கே அவரை மிஸ்டர் ஸ்மைல் என்றே அழைப்பார்கள். ஏலத்துக்குப் போகும்போதெல்லாம் "அந்தச் சிரிக்கிற பையனை வாங்கிட்டு வாங்க" என்று பெரியவரின் மனைவி சொல்லி அனுப்புவாராம். இந்த மார்ச்சில் சொல்லி அனுப்ப ஆள் இல்லாமலே போய் வாங்கி வந்திருக்கிறார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மகன் கைப்பையிலிருந்து தாளை எடுத்தான். அகூன்யாவைக் காயப்பட்டவர் பட்டியலுக்கு மாற்றினால் ஓர் இடம் காலியாகும், இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது, எண்ணுகிற கட்டங்களில் மேலே வரலாம் என்று காட்டினான். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் கேட்ட கேள்வி, "திருட்டில் எனக்கும் மேலே இருப்பவனுக்கும் எவ்வளவு?" என்பதுதான்.

செப்டம்பர் முடிவில் நான் ஊர் திரும்பிவிட்டேன், கணக்கை மகன் ஃபோனில் வாசித்தான். குரோஷேயைக் குறைத்துத்தான் எறிய விட்டார்கள். நட்சத்திர ஆட்டத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு வெற்றிகூட இல்லை. வைட் சாக்ஸ் 121 ஆட்டத்தில் தோற்றது. 1900க்குப் பிறகு எந்தக் குழுவும் ஒரே ஆண்டில் அவ்வளவு தோற்றதில்லை. லிண்டோர் 33 ஹோம் ரன்னும் 29 திருட்டுமாக முடித்து, நேஷனல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் வாக்கெடுப்பில் ஷோஹெய் ஓத்தானிக்கு அடுத்தபடி இரண்டாவதாக வந்தார். முதலிடத்துக்காரர் முதலிடத்திலேயே முடித்தார், சாக்லேட் பானம் அவர் தலையில்தான். மகன் மூன்றாவது. பெரியவர் ஏழாவது. அடுத்த மார்ச்சில் ஏலத்துக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாராம்.